கேட்ட துடக்கு

சூரியனுக்கும் ஒரு குடும்பம் உண்டு என்று நான் றேடியோவில்தான் முதலில் கேட்டேன். மத்தியானச் செய்தி. ஆளில்லாத விண்கலம் ஒன்று நாற்பது வருடமாக ஓடிக்கொண்டே இருந்து, இப்போது சூரியக் குடும்பத்தின் எல்லையைக் கடந்து வெளியேறிவிட்டது என்று வாசித்தார்கள். நான் வீட்டின் பின்பக்கம் இருந்து சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். என் மனுசன் வேம்பின் கீழ் கதிரையைப் போட்டு, மடியில் கிழிந்த வலையை வைத்துப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"குடும்பத்தை விட்டுப் போனது போனதுதான். அதுக்கேன் செய்தி?"

விண்கலத்தின் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. சொன்னது தன் தம்பியை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். வானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் அந்தத் தம்பி போனில் சொல்லித் தெரிந்தது. ஆகவே அவரிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

என் மனுசனுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். மா ஆலைக்குக் கோதுமை இறக்க வந்த கப்பல் ஒன்றில் குசினியில் சமைக்க ஆள் தேவை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்காரர் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் குசினி வாசலில் வந்து நின்று, "மச்சாள், போட்டு வாறன்" என்றார். சந்தைக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

"வரேக்க குழம்புக்குப் பிழியத் தேசிக்காய் வாங்கிக்கொண்டு வாரும்" என்றேன்.

அவர் ஏறிய கப்பல் கோதுமை விளைகிற தேசத்துக்குத் திரும்பிப் போனது. அவர் அங்கேயே இறங்கிவிட்டார். பிறகு எத்தனையோ வருடம், எப்போது போன் எடுத்தாலும் முதல் கதை அதுதான். "தேசிக்காய் இன்னும் வாங்கேல்லை மச்சாள். இஞ்ச நல்ல காய் இல்லை."

அவருடைய தாய், என் மாமி, செத்தபோது அவருக்குத் தகவல் சொல்ல எங்களுக்கு வழியிருக்கவில்லை. அவராக எடுத்தால்தான் உண்டு. எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. சந்தைக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு எடுப்பார், கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். அப்படி ஒருநாள் போய் நின்று நான்தான் சொன்னேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன்.

"அண்டைக்கு நான் இறைச்சி வெட்டிக்கொண்டு நிண்டிருப்பன் மச்சாள். இண்டைக்கும் அதுதான் வேலை. நாளைக்கும் அதுதான். போகாட்டி இஞ்ச இருக்க விடமாட்டினம்."

எங்கள் ஆட்களுக்குள், ஒருவர் செத்தால் அவருடைய ஆண்வழிச் சொந்தம் முழுவதுக்கும் துடக்கு. முப்பத்தொன்றாம் நாள் முடியும்வரை கோயில் வாசல் மிதிப்பதில்லை, வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பதில்லை, நல்ல காரியம் ஒன்றும் தொடுவதில்லை. அழுகிறவர்களைப் பார்த்து யார் சொந்தக்காரர் என்று சொல்ல ஏலாது. துடக்குக் காக்கிறவர் யார் என்று பார்த்தால் தெரியும்.

கடையிலிருந்து நான் வீட்டுக்கு வந்ததும் என் மனுசன் கேட்டது அதைத்தான். தம்பி துடக்குக் காக்கிறானோ என்று. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"தாய்க்குத் துடக்குக் காக்காதவன் செத்தா இந்த வீட்டில துடக்கு இல்லை" என்றார் என் மனுசன். "இது என்ர சொல்லு. அவன்ர கதையும் இனி இஞ்ச வேண்டாம்."

"உங்களுக்குத் தம்பி, எனக்கு மச்சான்" என்றேன். "நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கதைப்பன்."

தடுக்கவில்லை. தடுத்தும் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். மகன் அப்போது சின்னவன், தகப்பன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்தான். அந்தச் சொல் அவனிடம் தங்கிவிட்டது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மச்சான் பிறகு வேறு வேலைக்கு மாறினார். அதுவும் குசினிதான். ஆனால் இடம் புதுமையான இடம். முதல் தடவை சொன்னபோது எனக்கு விளங்கவில்லை.

"மலையளுக்கு நடுவில ஒரு பள்ளம் மச்சாள். அதில வானத்தைப் பாத்தபடி ஒரு தாச்சிச் சட்டி. எங்கட கோயில் கோபுரத்தை விடப் பெரிசு."

"அவ்வளவு பெரிய தாச்சியில என்ன பொரிக்கினம்?"

"ஒண்டும் பொரிக்கேல்லை. அது காது."

அந்தக் காதை வைத்துக்கொண்டு இராப்பகலாக வானத்தைக் கேட்கிறவர்களுக்குச் சோறும் இறைச்சியும் ஆக்கிப்போடுவதுதான் அவர் வேலை. அவர்கள் கேட்பது எதை என்றால், எனக்குக் கலியாணம் நடந்த காலத்தில் விட்ட ஒரு விண்கலம். அதன் இங்கிலீசுப் பெயர் என் வாயில் வராது. மச்சான் அதைப் பயணக்காரன் என்றே சொல்வார். அதோடு கூடப்பிறந்தது மாதிரி இன்னொன்றும் உண்டாம், அது வேறு பக்கம் போகிறதாம். இது தெற்கே போனபடியால் இதற்குக் கட்டளை சொல்லக்கூடிய தாச்சி உலகத்திலேயே இவர்களுடையது ஒன்றுதான். பெரிய கோள் எல்லாவற்றையும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, இனிப் பார்க்க ஒன்றுமில்லாத இருட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. திரும்பி வருகிற எண்ணத்தில் யாரும் அதை அனுப்பவில்லை.

"போறவன் போகட்டும். அவனை ஏன் கேட்டுக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அவன் இன்னும் கதைக்கிறானே மச்சாள். இஞ்ச வந்து சேரேக்க காதடியில இரையிற நுளம்பின்ர சத்தத்திலயும் குறைவு. வரவும் முக்கால் நாள் பிடிக்குது. இண்டைக்கு நாங்கள் கேக்கிறது நேற்றையக் கதை. எண்டாலும் கதைக்கிறவனைக் கேக்காமல் விடேலுமோ?"

றேடியோவில் செய்தி சொன்ன அன்று பின்னேரம் அவர் போன் எடுத்தார். என் கை முழுக்கப் பிட்டு மா. ஆகவே எப்போதும்போல் போனைக் கவிழ்த்த உரலின் மேல் வைத்து, சத்தத்தைப் பெரிதாக்கிவிட்டேன். வேம்பின் கீழ் இருக்கிறவருக்கு அது கேட்டால் நான் என்ன செய்வது? எனக்கு இரண்டு கைதான்.

"குடும்பத்தை விட்டு வெளியேறீட்டுதாமே?" என்று கேட்டேன்.

"செய்தி அங்கயும் வந்திட்டுதோ" என்று சிரித்தார். "சூரியனில இருந்தும் ஒரு காத்து வீசுது மச்சாள், எல்லாப் பக்கமும். அந்தக் காத்து எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவும் சூரியன்ர வளவு. அதுக்கங்கால வேற நட்சத்திரங்களின்ர காத்து. எங்கட பயணக்காரன் அந்த இடத்தைத் தாண்டீட்டான்."

கதிரையில் இருந்தவர் வலையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார். "என்ன காத்தாம்? கச்சானோ, வாடையோ எண்டு கேள்."

அவர் குரல் மற்றப் பக்கம் கேட்டிருக்கும். இருந்தாலும் முறைப்படி நான் எடுத்துச் சொன்னேன். "என்ன காத்தாம், கச்சானோ வாடையோ?"

"கச்சான் எண்டு சொல்லுங்கோ" என்றார் மச்சான். "சுட்டுப் பொசுக்கிற காத்து."

"அப்ப கச்சான் நிண்டிட்டுது எண்டா, வெளியில போட்டான் எண்டுதானே?" என்றார் இவர், என்னைப் பார்த்து.

சொன்னேன்.

"அதிலதான் இஞ்சயும் சண்டை மச்சாள். ஒரு பகுதி வெளியில எண்டு சொல்லுது. மற்றப் பகுதி சொல்லுது, காத்துத்தான் முடிஞ்சது, சூரியன்ர இழுவை முடியேல்லை எண்டு. அந்த இழுவைக்கு வெளியில போக அவனுக்கு இன்னும் எத்தினையோ ஆயிரம் வருசம் ஓடவேணுமாம். அதுவரைக்கும் குடும்பத்துக்குள்ளதான் எண்டு சொல்லுகினம்."

பொழுதுபட வலையைச் சுருட்டி வைக்கும்போது என் மனுசன் தானாகவே சொன்னார். "துறைமுகம் எங்க முடியுது எண்டு கேட்டா, படத்தில கோடு கீறியிருக்கும். தண்ணியில கோடு இல்லை. வாயைத் தாண்டேக்க வள்ளத்துக்கு அடியில அலை மாறும், அது காலுக்குத் தெரியும். அதுக்குப் பிறகும் கனதூரம் போனாலும் மலை தெரிஞ்சுகொண்டுதான் இருக்கும்."

அதற்குப் பின்பும் அவர் தம்பியைப் பற்றி நேரே ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் கிழமைக்கு ஒருக்காலாவது, சாப்பிடும்போதோ கால் கழுவும்போதோ, "பயணக்காரன் என்னவாம்?" என்பார். நான் விண்கலத்தைப் பற்றிச் சொல்வேன். கேட்டு முடித்து, இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் இருப்பார். நான் மச்சானுடைய முழங்கால் நோவையும், அவருடைய மகள் படித்து வேலைக்குப் போகத் தொடங்கியதையும் விண்கலத்தின் கதையோடு கதையாகச் சொல்லிவிடுவேன். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத்தான் மச்சான் கட்டியிருந்தார். அவ நெடுநாள் இருக்கவில்லை. மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது மச்சான்தான்.

வேம்பின் கீழ் இருந்த கதிரை மெல்ல மெல்ல உரலுக்குக் கிட்ட வந்தது. வெயில் அடிக்கிறது என்பார். உரல் இருந்த இடத்தில்தான் வெயில் கூடுதல்.

பிறகு அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து தொழிலுக்குப் போகாமல் விட்டார். வள்ளத்தை மகன் எடுத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் ஒருநாள் மச்சான் எடுத்தபோது தேசிக்காய்க் கதை வரவில்லை.

"ஒரு பிழை நடந்திட்டுது மச்சாள். பயணக்காரன் முகத்தைத் திருப்பிப்போட்டான்."

"ஏனாம்?" இது என் மனுசன், என்னிடம். இப்போது கதிரைக்கும் உரலுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. நான் எடுத்துச் சொல்லும்வரை மச்சான் காத்திருந்தார். அந்த மரியாதையை இரண்டு பேரும் கடைசிவரை விடவில்லை.

"அவன் எப்பவும் எங்கட பக்கம் பாத்துக்கொண்டுதான் போறவன். பின்பக்கமா நடக்கிற மாதிரி. கட்டளை ஒண்டு பிழையாப் போட்டுது, ஒரு சொட்டுத்தான் திரும்பினவன். அந்த ஒரு சொட்டோட ஒண்டும் கேக்கேல்லை. நாங்கள் சொல்லுறதும் அவனுக்குக் கேக்காது."

"ஆர் பிழையாச் சொன்னது எண்டு கேள்."

"இஞ்ச இருந்துதான். அவன்ர பிழை இல்லை."

என் மனுசன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலை இல்லாமல் அந்தக் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன. "அப்ப கூப்பிடச் சொல்லு" என்றார்.

"கூப்பிடட்டாம்" என்றேன்.

"கூப்பிடத்தான் போகினம். தாச்சியில உள்ள முழுப் பலத்தையும் போட்டு ஒருக்காக் கத்திப் பாக்கப்போகினம். மறுமொழி வந்தாலும் ஒண்டரை நாள் செல்லும். கேக்குமோ தெரியாது எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம்."

"கேக்குதோ இல்லையோ," என்றார் இவர், இந்தமுறை என் முகத்தைப் பாராமல் உரலைப் பார்த்து, "கூப்பிடுறதுதானே."

நான் இதை எடுத்துச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

அந்த இரண்டு நாளும் இவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். போன் சத்தம் கேட்டால் தலை திரும்பும். மருமகளின் தமக்கை கிளிவெட்டியிலிருந்து நெல்லுக் கதை கதைக்க எடுத்ததும், "போனை வைக்கச் சொல்லு, ஆரும் எடுப்பினம்" என்று எரிந்து விழுந்தார். மருமகள் என்னிடம் வந்து, "மாமாவுக்கு ஆர் எடுக்க இருக்கினம்?" என்று கேட்டாள். "வானத்தில இருந்து" என்றேன். அவள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள்.

மச்சான் எடுத்தார். ஹலோ சொல்லாமலே, "திரும்பீட்டான் மச்சாள்" என்றார். "கேட்டிருக்கு. திரும்பிப் பாத்திட்டான்."

அங்கே பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தமும் கோப்பைகள் முட்டுகிற சத்தமும் கேட்டது. இங்கே என் மனுசன் எழும்பி நின்றுவிட்டார். பிறகு கதிரையில் இருந்தார்.

"சாப்பிட்டானோ எண்டு கேள்."

பயணக்காரனைக் கேட்கவில்லை. அது எனக்கும் விளங்கியது, மற்றப் பக்கத்துக்கும் விளங்கியது. நான் வாயெடுக்கவில்லை. அந்தக் கோப்பைச் சத்தத்துக்குள்ளால், "சாப்பிட்டனான் எண்டு சொல்லுங்கோ மச்சாள்" என்று வந்தது.

அண்ணனும் தம்பியும் அதற்கு மேல் கதைக்கவில்லை. அடுத்த வருடம் என் மனுசன் காலமானார். மச்சானுக்கு அன்றைக்கே சொன்னேன். முப்பத்தொன்று முடிந்த பிறகு எடுத்துச் சொன்னார். "இந்தமுறை காத்தனான் மச்சாள். என்ர அண்ணை செத்திட்டார், இறைச்சி தொடமாட்டன் எண்டு கன்ரீனில சொன்னனான். கோப்பை கழுவ விட்டினம்."

மகன் இதெல்லாம் அறியான். அவன் அந்த நேரங்களில் கடலில்.

எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் ஒருநாள் எங்களுடைய உபயம். அன்றைய பூசையும் பூவும் மேளமும் சாமி வீதிக்கு வருகிற செலவும் எங்கள் வீட்டுக்கு. அந்த நாளில் சாமிக்கு முன்னால் தலைப்பாகையோடு நிற்கிற முதல் மரியாதையும் எங்கள் வீட்டுக்கு. மனுசனின் தகப்பன் நின்றார், பிறகு மனுசன் நின்றார். அவர் காலமான வருடம் விட்டுப்போனது. இந்த வருடம்தான் மகன் நிற்கப்போகிறான். மருமகள் பட்டு வேட்டியை அலுமாரியில் மடித்துவைத்திருந்தாள். மகன் அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான். தகப்பனுக்குப் பிறகு இந்த ஊர் தன்னை ஒரு ஆளாகப் பார்க்கப்போகிற நாள் அது என்று அவனுக்கு எண்ணம். பிழையான எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் அந்தப் பெருமை வேண்டியிருந்தது.

எங்கள் நாளுக்குக் கிட்ட ஒரு மத்தியானம் போன் அடித்தது. மச்சானின் இலக்கம் என்று மருமகள் போட்டு வைத்த பாட்டு. எடுத்தால் ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"ஹலோ. இது தேசிக்காய்க் கடையா?"

"இல்லைப் பிள்ளை, வீடு" என்றேன்.

"சொறி. அப்பாட போனில தேசிக்காய் எண்டு இருக்கு. நான் எல்லாப் பேருக்கும் எடுத்தது. இது கடை எண்டு எடுக்கேல்லை. ஆனா அப்பா நிறைய நேரம் இந்தக் கடையோட கதைச்சிருக்கிறார்."

பிறகு சொன்னாள். தகப்பன் போய் ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. எரித்தும் ஆகிவிட்டது. நித்திரையில் போனாராம்.

நான் யார் என்று சொன்னேன். "பெரியம்மாவா?" என்று கேட்டு அழத் தொடங்கினாள். நான் அழவில்லை. அவளை அழவிட்டுக்கொண்டு உரலில் இருந்தேன். கொடியேற்றத்தன்று கோயிலில் எங்கள் எல்லோருடைய நட்சத்திரத்தோடும் மச்சானின் நட்சத்திரத்தையும் சொல்லி, முழங்கால் நோவு சுகப்படவேண்டும் என்று அர்ச்சனை செய்திருந்தேன். அப்போது அவர் சாம்பல். ஆனால் எனக்கு அன்று அவர் இருந்தார், முழங்காலும் நொந்தது. இண்டைக்குக் கேட்கிறது நேற்றையக் கதை என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு உடம்பில் தைத்தது அப்போதுதான்.

மகன் கடலால் வந்து சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து சொன்னேன்.

"சித்தப்பாவோ" என்றான். "பாவம்." பிறகு, "ஆனா எங்களுக்குத் துடக்கு இல்லை. அப்பா சொன்னவர். எனக்கு நல்ல ஞாபகம்" என்றான்.

"சொன்னவர்தான்."

"பிறகென்ன?"

நான் அவன் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். பின்னேரம் ஐயரிடம் போய்வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"அம்மா, ஆரின்ர பேரும் சொல்லாமல் கேட்டனான். தூரத்தில நடந்த சாவு காதில விழாதவரைக்கும் துடக்கு இல்லையாம். விழுந்த பிறகுதான், மிச்சம் இருக்கிற நாளுக்கு. அப்ப உங்களுக்கு மட்டும்தானே தெரியும். எனக்கும் இவளுக்கும் நீங்கள் சொல்லேல்லை எண்டு வைப்பம். உங்களுக்கும் அந்தப் பிள்ளை அடுத்த கிழமைதான் எடுத்தது எண்டு வைப்பம். எங்கட நாள் முடியட்டும். அதுக்குப் பிறகு நான் முழுசாக் காக்கிறன். சத்தியமா."

கெட்ட பிள்ளை இல்லை. பாதி வழியில் நின்று இரண்டு பக்கமும் கை நீட்டினான். எனக்கும் ஒரு நிமிடம் அது நல்ல வழி மாதிரித்தான் இருந்தது. வேட்டியின் சரிகை அலுமாரி இடுக்கால் தெரிந்தது.

"மோனை," என்றேன், "ஒரு நுளம்பின்ர சத்தத்தைக் கேக்கிறதுக்கு அங்க மலை மாதிரி ஒரு தாச்சி கட்டி வைச்சிருக்கினம். உன்ர சித்தப்பா அதுக்குக் கீழ நிண்டு முப்பது வருசம் சோறு ஆக்கினவர். நான் காதில விழுந்ததை விழேல்லை எண்டு சொல்லவோ?"

"அது வானம், அம்மா. இது எங்கட வீடு. அப்பான்ர சொல்லு என்னாகிறது?"

"உன்ர கொப்பர் சித்தப்பாவைச் சாப்பிட்டானோ எண்டு கேட்டவர்."

"எப்ப?"

சொன்னேன். முகம் திருப்பினதிலிருந்து, கூப்பிடச் சொன்னதிலிருந்து, கதிரை நகர்ந்து வந்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். கோப்பை கழுவினதையும் சொன்னேன். மருமகள் குசினி வாசலில் நின்று, "அதுதானோ மாமா அந்த ரெண்டு நாளும் சாப்பிடேல்லை" என்றாள். மகன் அவளைத் திரும்பிப் பார்த்தான், கதிரையைப் பார்த்தான். எழும்பி வெளியே போய்விட்டான்.

அடுத்த நாள் விடிய நானே கோயிலடிக்குப் போனேன். உள்ளே போகவில்லை, தெருவின் மற்றக் கரையில் நின்றேன். தர்மகர்த்தா என்னைக் கண்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்னக்கா, வெயிலுக்க நிக்கிறியள். உள்ளுக்க வாங்கோ."

"வர ஏலாது. துடக்கு."

"ஆர்?"

"என்ர மனுசன்ர தம்பி."

"அவருக்குத் தம்பி இருந்ததோ?" என்று கேட்டார். பக்கத்து வளவில் வளர்ந்த மனிதர். ஊர் எவ்வளவு நன்றாக மறந்திருக்கிறது.

"இருந்தவர்" என்றேன். "எங்கட நாளை எதிர்த்தெருக்காரருக்குக் குடுங்கோ. கனகாலமாக் கேக்கினம். ஆனா அடுத்த வருசம் எங்களுக்குத்தான். இந்த வருசம் செய்தவை எண்டு அவை கதை சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டினம் அக்கா."

"சொல்லுவினம். நீங்கள் விடக்கூடாது."

எங்கள் நாளில் எங்கள் வாசல் படலை சாத்தியிருந்தது. தெருவில் மற்ற வாசல் எல்லாவற்றிலும் நிறைகுடமும் விளக்கும். எங்கள் வாசலில் ஒன்றுமில்லை. மகன் கடலுக்கும் போகவில்லை. பின்பக்கம் தகப்பனுடைய கதிரையை இழுத்துத் திரும்பவும் வேம்பின் கீழ் போட்டு இருந்தான். மூன்று நாளாக என்னோடு கதை குறைவு. மருமகள் வேட்டியை எடுத்து அலுமாரியின் அடித்தட்டுக்கு மாற்றியிருந்தாள்.

சாமி எங்கள் தெருவுக்குள் திரும்புகிற நேரம் போன் அடித்தது. உரலில் வைத்தேன்.

"பெரியம்மா, அது என்ன சத்தம்?"

"மேளம். சாமி போகுது."

"உங்கட வீட்டுக்கு வராதா?"

"இந்தமுறை வராது பிள்ளை. எங்களுக்குத் துடக்கு. கொப்பாவுக்கு."

கொஞ்சம் யோசித்தாள். "ஓம், அப்பா சொன்னது. பெரியப்பா செத்தபோது அப்பா சொன்னது, எங்களுக்குத் தொடக்கம் எண்டு. அப்ப உங்களுக்கும் தொடக்கமா?"

திருத்தலாம் என்று வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். "ஓம் பிள்ளை. எங்களுக்கும்."

மேளம் படலைக்கு நேரே வந்து நின்று, பக்கத்து வீட்டு அர்ச்சனைக்காகக் காத்திருந்தது. போனைத் தூக்கி அந்தப் பக்கம் பிடித்தேன், அவள் கேட்கட்டும் என்று. கேட்டாள். பிறகு தகப்பனின் வேலையிடத்து ஆட்கள் வந்துபோனதைச் சொன்னாள். பயணக்காரனிடம் மின்சாரம் குறைந்துவிட்டதாம். அது சுமந்து போன கருவிகளை ஒன்றொன்றாக நிறுத்துகிறார்களாம், மிச்சத்தைக் காப்பாற்ற.

"ஆனா கதைக்கிறதை மட்டும் கடைசிவரைக்கும் நிப்பாட்டமாட்டினம் பெரியம்மா."

வேம்பின் கீழிருந்து மகனின் குரல் வந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டான். "கரண்ட் முழுக்க முடிஞ்சா?"

எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கதிரை நிலத்தில் இழுபட்டது. உரலுக்குக் கிட்டக் கொண்டுவந்து போட்டு, குனிந்து போனுக்கு முகத்தைக் கொடுத்தான்.

"தங்கச்சி, நான் அண்ணா கதைக்கிறன். கரண்ட் முடிஞ்சா அது நிண்டிடுமோ?"

அந்தத் தேசத்துப் போனில் எப்போதும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும்.

"நிக்காது அண்ணா" என்றாள். "ஓடிக்கொண்டுதான் இருக்கும்."

"எங்க?"

அவள் சொல்லத் தொடங்கினாள். தெரியாத தமிழ்ச் சொல்லுக்கு நின்று நின்று, மகன் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கச் சொன்னாள். தெருவில் மேளம் திரும்பவும் தொடங்கி எங்கள் வாசலைக் கடந்து போனது. உலை கொதிக்கிற மணம் வந்தது. நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். கஞ்சி வடித்து, மரக்கறியை இறக்கி வைத்துவிட்டு வந்தபோதும் அவர்கள் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.